தாராபுரத்து இலை

வந்தவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், எந்த ஊர்க்காரர் என்று கைலாசம் சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வித்தையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஊர் மட்டும் இல்லை, ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பது வரைக்கும் சொல்லுவார்.

பழனி அடிவாரத்தில் ஓர் அன்னதான மடம். அதன் அடுக்களையும் பந்தியும் அவர் பொறுப்பு. கும்பகோணத்தில் ஓட்டல் நடத்திப் பேர் வாங்கியவர், அறுபது தாண்டியதும் கல்லாவை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மாள். அம்மாளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது, கைலாசத்துக்கு மகள் மாதிரி. ஆனாலும் கைலாசம் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டார். இவர் அவரை 'அம்மா' என்பார், அவர் இவரை 'ஐயா' என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

தை மாதம் பிறந்துவிட்டால் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்து சேருவார்கள். மற்ற இடங்களில் காலையில் பொங்கலும் இட்லியும் போட்டு அனுப்பிவிடுவார்கள். கைலாசம் பந்தியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. திருநெல்வேலிக்காரர் இலையில் இடியாப்பம் விழும், அதன் தலையில் தேங்காய்ப்பால் சொதி. நாகர்கோவில்காரருக்குப் புட்டு, பயறு, பப்படம், பழம். மதுரைக்காரருக்கு இட்லியைச் சுற்றி விதவிதமாகச் சட்னி. கும்பகோணத்துக்காரர் வந்துவிட்டால் இட்லிக்குப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா. கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் என்றால் சந்தவை.

"இடியாப்பமும் சந்தவையும் ஒண்ணுதானே?" என்று சமையல்காரர் ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டார். அன்று பூராவும் அவருக்குப் பாடம்தான்.

"இடியாப்பம் பிழிஞ்சு வேக வைக்கிறது. சந்தவை வேக வச்சுப் பிழியிறது. அது வேற, இது வேறய்யா. சந்தவைக்கு முதல்ல தேங்காய்ப்பாலும் வெல்லமும். அப்புறம்தான் புளியும் காரமும்."

பரிமாறுவதற்கும் ஊருக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"மதுரைக்காரர் போதும்னா கரண்டியை எடுத்துடணும், மேல ஊத்தினா சண்டைக்கு வந்துடுவார். நாஞ்சில் நாட்டுக்காரர் வேணுங்கிறதைத் தானே கேட்டு வாங்கிக்குவார். கொங்கு நாட்டுக்காரங்க மரியாதைப்பட்டவங்க. முதல் தடவை வேண்டாம்பாங்க. ரெண்டாவது தடவையும் வேண்டாம்பாங்க. மூணாவது தடவை நாமளா வச்சிடணும், திருப்தியாச் சாப்பிடுவாங்க."

இத்தனையும் தெரிந்தவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ராமேஸ்வரத்தில் புதிதாக ஒரு மடம் கட்டி முடித்திருந்தார்கள். அங்கே பொறுப்பேற்றுப் போக வேண்டும். மனசு அதிலேயே கிடந்து அடித்துக்கொண்டது. ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டார்.

"அம்மா, ராமேஸ்வரத்துக்கு யாரை அனுப்பறதா இருக்கீங்க?"

"நீங்க யாரை நினைக்கிறீங்க, ஐயா?"

"மறைப்பானேன், என்னைத்தான். அங்கே தேசம் பூரா ஜனம் வரும். அவங்கவங்களுக்குத் தக்கபடி பரிமாற என்னை விட்டா யார் இருக்கா?"

அம்மாள் சிரித்தார். "நாளைக்குக் காலைப் பந்தியில நானும் வந்து உட்கார்றேன்."

மறுநாள் கைலாசம் வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்திக்கு வந்தார். ஐந்தாறு வேலைக்காரர்கள் இருந்தும் தூக்கையும் கரண்டியையும் தானே எடுத்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் அம்மாள் ஓர் இலை முன்னால் அமர்ந்திருந்தார்.

"என்னமாம் இருந்தா வையும்வே. பசி உயிரு போவுது" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர்.

"நாகர்கோவில், கோட்டாறுதானே?" என்றார் கைலாசம்.

மீசைக்காரர் அசந்துபோனார். "ஆமா. எப்படிவே கண்டுபிடிச்சீரு?"

கைலாசம் ஆவி பறக்கும் புட்டை இலையில் சாய்த்து, பயறு வைத்து, பப்படம் இரண்டும் பழம் ஒன்றும் வைத்தார். மீசைக்காரர் பழத்தை உரித்துப் போட்டு, பப்படத்தை நொறுக்கி, ஒரே பிசையாகப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மாள் இதைக் கவனிக்கிறாரா என்று கைலாசம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த இலையில் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். பச்சைச் சேலை, புழுதி படிந்த கால், கூட யாரும் இல்லை. பொன்னாத்தாள் என்று பேர்.

"ஏனுங்க, குடிக்கத் தண்ணி குடுக்கறீங்களா?" என்றார்.

கைலாசத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தாராபுரம் பக்கம்!"

"ஆமாங்க. தாராபுரத்துக்கு மேக்கால."

அப்புறம் என்ன கேள்வி? தண்ணீர் வந்தது, கூடவே சந்தவையும் வந்தது. பூப்போல அவிழ்ந்த சந்தவை, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால்.

"இது வேண்டாமுங்க" என்றார் பொன்னாத்தாள்.

கைலாசத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சட்டம் சொன்னபடியே நடக்கிறது.

"சும்மா சாப்பிடுங்க அம்மிணி. உங்க ஊர்ப் பக்குவம் மாறாது."

"இல்லீங்க, வேண்டாமுங்க. எடுத்துக்கோங்க."

அதுவும் ஆயிற்று. கைலாசம் இன்னொரு பிடி சந்தவையை அள்ளி வைத்து, பாலைத் தாராளமாக ஊற்றினார். பொன்னாத்தாள் இலையையே பார்த்தபடி இருந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா, ஊர் ஞாபகம் வந்துடுச்சு" என்று கைலாசம் மீசைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்.

பொன்னாத்தாள் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. இலையை அப்படியே மூடினார். எழுந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பந்தி மொத்தமும் அந்த மூடிய இலையைப் பார்த்தது. கைலாசத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தூக்கிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார். பால் திரியவில்லை, வெல்லம் அளவுதான்.

கடைசி இலைக்கு வந்தார்.

"அம்மா, சந்தவையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"அப்புறம் ஏன் எழுந்து போனாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குத்தான் தெரியும். இன்னும் மலை ஏறியிருக்க மாட்டாங்க."

கைலாசம் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு ஓடினார். அறுபது வயதுக்கு மேல் அடிவாரத்துக் கூட்டத்தில் ஓடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாலு பேர் திட்டினார்கள், ஒரு காவடி மேலே இடித்தது. முதல் படி ஓரத்தில் பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தார். மூட்டையை மடியில் வைத்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

"ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. சாப்பாட்டை மூடிப்போட்டு வந்துட்டேன். பாவம் எனக்குத்தானுங்க."

"பாவத்தை விடுங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சந்தவை புழியோணும்னா ரெண்டு ஆளு வேணுமுங்க. நான் வெந்ததை எடுத்து அச்சுக்குள்ள போடுவேன். எங்க ஊட்டுக்காரரு அமுக்குவாரு. 'சூடு ஆறுது, வெரசலா போடு'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே அமுக்குவாரு. ஆடி மாசம் போயிட்டாருங்க."

கூட்டத்தின் இரைச்சலில் கைலாசம் குனிந்து காது கொடுத்தார்.

"பையன் நான் அமுக்கறேன்னு வந்தான். வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அவரு இல்லாம அது எனக்கு எறங்காதுங்க. அதுதான் வேண்டாமுன்னு சொன்னேன்."

ஆமாம், சொன்னார்தான். கைலாசம் நினைத்துப் பார்த்தார், எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று. வெட்கமாக இருந்தது. பொன்னாத்தாளின் ஒட்டிய முகம் இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானமுங்க."

இட்லி கொண்டுவரட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்றார்.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. கேட்டவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

பொன்னாத்தாள் தயங்கினார். "தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"பக்கத்து இலையில அந்த மீசைக்காரரு பழத்தைப் போட்டு, அப்பளத்தை நொறுக்கிப் பிசைஞ்சாருங்களே. என் வயசுக்கு அதை நான் தின்னதில்லீங்க. அது கொஞ்சம் கெடைக்குங்களா?"

கைலாசத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்பி ஓடினார். புட்டும் பயறும் பப்படமும் பழமும் இலையில் கட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் படிக்கு வந்தார்.

"இதை எப்படிங்க திங்கறது?"

எந்த வரிசையில் எதைச் சேர்ப்பது என்று அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சொல்ல வாயெடுத்தார்.

"உங்களுக்கு எப்படி வருதோ அப்படி" என்றார்.

பொன்னாத்தாள் பயறை ஓரமாக ஒதுக்கிவிட்டார். பழத்தையும் பப்படத்தையும் புட்டோடு சேர்த்துப் பிசைந்து வாயில் போட்டார். பப்படம் பல்லில் நொறுங்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா இருக்குங்க. கொஞ்சம் வெல்லம் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

புட்டுக்கு வெல்லமா என்று கைலாசம் கேட்கவில்லை. எதிர்க்கடையில் ஓடிப்போய் ஓர் அச்சு வெல்லம் வாங்கிவந்து கொடுத்தார். பொன்னாத்தாள் அதைக் கடித்துக்கொண்டு இலையை வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னும் கொண்டாரட்டுமா?"

"போதுமுங்க."

கால் மடத்தின் பக்கம் திரும்பப் பார்த்தது. கைலாசம் அதை நிறுத்தி வைத்தார்.

"சரிம்மா. பாத்துப் பதனமா ஏறுங்க."

அவர் படியேறிக் கூட்டத்தில் மறையும் வரைக்கும் நின்றுவிட்டு மடத்துக்குத் திரும்பினார். பந்தி முடிந்திருந்தது. வேலைக்காரர்கள் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கைலாசம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"ஊர் ஊராக் கத்துக்கிட்டேன் அம்மா. அத்தனையும் வீணா?"

"வீண்னு யார் சொன்னது? கோட்டாத்துக்காரர் இன்னும் ரெண்டு பழம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு உங்களைத் தேடினார்."

"அப்போ இந்த அம்மாகிட்ட மட்டும் ஏன் கோட்டை விட்டேன்?"

அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"அவங்க வாயைத் திறந்தப்ப எல்லாம் உங்களுக்குத் தாராபுரம்தான் கேட்டுச்சு."

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி ஐயா, ராமேஸ்வரத்துக்கு எப்போ கிளம்பறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று தோன்றியது. அம்மாள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"இன்னிக்கு இவ்வளவு நடந்தப்புறமுமா? எனக்கு வேண்டாம் அம்மா. வேற யாரையாவது அனுப்புங்க."

அம்மாள் அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இது நிஜமான வேண்டாமா ஐயா, இல்லை மரியாதைக்குச் சொல்ற வேண்டாமா? எனக்குத் தெரியலை. அதனால கேட்கிறேன்."