பழக்கிய ஆள்

சேவுகன் ஆடு மேய்க்கிறவர். கோடையில் கீழ்க்காடுகள் காய்ந்ததும் மந்தையை மலையடிவாரத்துக்கு ஓட்டி வருவார். அங்கே ஒரு குன்றின் மேல் உலகம்மை என்ற துறவி தனியாக இருந்தாள். அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக நினைத்திருந்தார்.

அந்த வருஷம் ஒரு நாயைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு குன்றில் ஏறினார். குடிசைக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தில் அதைக் கட்டினார்.

“தாயி, இது இங்கேயே கிடக்கட்டும். எனக்கு ஆகாது.”

“கடிக்குதா?”

“கடிச்சாலும் சகிச்சுக்கலாம். எதுவும் மண்டையில ஏறமாட்டேங்குது. போன வாரம் ‘மடக்கு, மடக்கு’ன்னு கத்துறேன், என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. மந்தை தண்டவாளத்துல ஏறிடுச்சு. ஒரு சினையாட்டை ரயில் அடிச்சிருச்சு.”

உலகம்மை நாயைப் பார்த்தாள். கருப்பு நாய். விலாவில் வெள்ளைத் திட்டு.

“யாரு குட்டி?”

“சுட்டியோட குட்டி.”

சேவுகனின் பழைய நாய் சுட்டியை அவளுக்குத் தெரியும். சேவுகன் கரையில் நின்றால் போதும், மொத்த மந்தையையும் ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்து சேர்க்கும். போன மழைக்குத்தான் செத்துப்போனது.

“அதைத்தான் கேக்கணும்னு வந்தேன்,” என்றார் சேவுகன். “ரத்தம்னு சொன்னா, இது சுட்டி வயித்துல பொறந்தது. பழக்கம்னு சொன்னா, அதைப் பழக்குன ஆளுதான் இதையும் பழக்கினேன். அப்புறம் குறை எதுல தாயி?”

உலகம்மை ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாய் தண்ணீரைப் பார்த்தது. பிறகு சேவுகனின் கையைப் பார்த்தது. குடிக்கவில்லை.

“கையை எதுக்குப் பாக்குது?”

“கம்பு இருக்கான்னு பாக்கும்.”

“சுட்டியை எப்படிப் பழக்கினீங்க?”

சேவுகன் யோசித்தார்.

“நெசத்தைச் சொன்னா, பழக்குன ஞாபகமே இல்ல. கண்ணு தொறந்த புதுசுல வந்துச்சு. என் பொஞ்சாதி ராக்கு மடியிலதான் கிடக்கும். ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போட்ட இடத்துல சோறு பொங்கித் தின்னுட்டு, நானும் அவளும் ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்போம். நடுவுல படுத்துக்கிட்டு எங்க வாயை மாறி மாறிப் பாக்கும். ஒருநாள் அவகிட்டதான் சொன்னேன், ‘அந்தக் கிடா கடலைக் காட்டுக்குள்ள போறான் பாரு’ன்னு. அவ எந்திரிக்குமுன்ன இது ஓடிப்போய் மடக்கிருச்சு.”

சொல்லும்போதே சிரித்துவிட்டார். சிரித்து வெகுநாளான முகம்.

“இதை எப்படிப் பழக்கினீங்க?”

“இதை முறையாவே பழக்கினேன். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சொன்னதைச் செஞ்சா சோத்துருண்டை. செய்யலேன்னா கம்பு.”

“மத்த நேரம் அதுகிட்ட என்ன பேசுவீங்க?”

“நாய்கிட்ட என்ன பேச்சு?”

“வேற யாருகிட்ட பேசுவீங்க?”

சேவுகன் கீழே மேய்ந்துகொண்டிருந்த மந்தையைப் பார்த்தார்.

“இது பொறக்கறதுக்கு முந்தியே ராக்கு போய்ச் சேந்துட்டா,” என்றார். “அதுக்கப்புறம் வாயைத் திறக்க வேலை இல்ல தாயி. சந்தையில வியாபாரிகிட்ட ஒண்ணு ரெண்டு வார்த்தை. மத்தபடி வா, நில்லு, மடக்கு. சில நாள் என் குரலைக் கேட்டா யாரோ வேத்தாள் கத்துற மாதிரி இருக்கும்.”

உலகம்மை சிரட்டையை நாய்க்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“கேட்டதுக்குப் பதில் வரலியே,” என்றார் சேவுகன். “ரத்தமும் ஒண்ணு. பழக்குன ஆளும் ஒண்ணு.”

“ரத்தம் ஒண்ணுதான், பெரியவரே. ஆளு ஒண்ணுதானா?”



வெயில் தாழும்வரை சேவுகன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் நாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அது உடம்பைக் குறுக்கிக்கொண்டது. அவர் சரிவில் இறங்கினார். நாயும் எழுந்து இறங்கியது, அவர் கைக்கு எட்டாத தூரத்தில்.