அதிரசத் தட்டில் இருந்த மனம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்றெல்லாம் கேட்டு என்னை மடக்கக் கூடாது, வெண்கொடியன் என்றொரு அரசன் இருந்தான். வழக்கில் வென்றவருக்கு அரசன் தன் கையால் ஓர் அதிரசம் கொடுப்பது அந்த நாட்டு முறை. அதற்காகச் சிம்மாசனத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளித் தட்டு நிறைய அதிரசம் இருக்கும். வெண்கொடியனோ காலையில் வெறும் வயிற்றோடு சபைக்கு வருவான். வழக்கு முடிவதற்குள் தட்டைத் தானே காலி செய்துவிடுவான்.

வர வர அவனுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வாதி அழுதுகொண்டிருக்கும்போது குதிரைக்குப் புல் போட்டாயிற்றா என்று கேட்பான். காரணமில்லாமல் சீறுவான், உடனே கண் கலங்குவான். 'எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ' என்று உள்ளூர நடுங்கினான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அவன் மைத்துனர் தாண்டவராயருக்கு இது கொண்டாட்டம். தட்டு காலியாகும்போதெல்லாம் நிரப்பச் சொன்னவரே அவர்தான். முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு ஒரு கண். அரசனுக்குப் பிரியமான விகடகவி கொட்டாப்புளியைக் கண்டாலோ வயிற்றெரிச்சல்.

"அரசே, பேச்சால் ஊரையே கட்டிப்போடுகிறவர் கொட்டாப்புளி. தங்கள் மனத்தையும் கயிறு கொண்டு கட்டட்டுமே! நாளைச் சபை முடிவதற்குள் முடியாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும். தாங்கள் மோதிரத்தை என்னிடம் தந்துவிட்டு ஓய்வெடுங்கள்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். சபை முடியும்வரை கட்டு அவிழக் கூடாது" என்று சோர்ந்துபோய்ச் சொன்னான் அரசன்.

மறுநாள் கொட்டாப்புளி தேங்காய் நார்க் கயிற்றோடு வந்தான். அண்ணன் தம்பி கிணற்று வழக்கு தொடங்கியது. அண்ணன் வாயைத் திறந்ததுமே அரசனின் கண் தட்டுக்குப் போயிற்று.

"அகப்பட்டது!" என்று பாய்ந்த கொட்டாப்புளி, தட்டை மூடி போட்டு இறுக்கிக் கட்டினான்.

"என்ன துணிச்சல்!" என்று தாண்டவராயர் எகிறினார்.

"மனம் இருக்கிற இடத்தில்தானே அதைக் கட்ட முடியும், ஐயா? சபை முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அரச ஆணை."

அரசன் முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவிழவில்லை. "எனக்குப் பசிக்கிறதடா!" என்று கத்தினான்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன், மகாராஜா" என்று கொட்டாப்புளி கைதட்ட, சமையற்காரர் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். அரசன் முணுமுணுத்துக்கொண்டே தின்றான். பிறகு இன்னொரு உருண்டை கேட்டான்.

வழக்கு மறுபடி தொடங்கியது. அரசன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். அண்ணன் பாதி சொல்லி முடித்ததும், "நிறுத்து!" என்றான். "தம்பிக்குக் கிணற்றில் பங்கே இல்லை என்கிறாய். பின் வருஷா வருஷம் அவன் ஏன் தூர் வாரினான்? அதைச் சொன்னவனும் நீதான்!" தீர்ப்பு தம்பி பக்கம் ஆயிற்று.

அப்போதுதான் அரசனுக்கே உறைத்தது.

"கொட்டாப்புளி, ஒரு சொல் விடாமல் கேட்டேன்! அப்படியானால் எனக்குப் பைத்தியம்..."

"இல்லை மகாராஜா. பசி. பசியின் மேல் வெல்லம்."

அரசன் வாய் விட்டு அழுதான், உடனே சிரித்தான். இந்தத் தடவை இரண்டுக்கும் காரணம் இருந்தது.

ஒரு வேளைக் களியில் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். அதெப்படி? மறுநாள் காலையும் சாப்பிட வேண்டியிருந்தது, அதற்கு மறுநாளும்தான். அதிரசத் தட்டை நிரப்பச் சொல்லி வந்தவர் என்பதால், அந்தக் களியைக் கிண்டும் பொறுப்பு தாண்டவராயருக்குப் போயிற்று. மோதிரத்துக்கு நீண்ட கையில் துடுப்பு ஏறியது.

அன்று சபை முடிந்தது. கட்டு அவிழ்ந்தது. நெடுநாளைக்குப் பின் வழக்கில் வென்றவனுக்கு ஓர் அதிரசம் கிடைத்தது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொட்டாப்புளியின் கழுத்தில் போட்டான். கொட்டாப்புளி நகரவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அரசன் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தான்.

"இந்தா, என் மனத்திலிருந்து ஒன்று எடுத்துக்கொள்!"