குடிலில் நாய் வாடை

கரட்டடிக் குடிலில் ஏழு பேர் இருந்தார்கள். ஐப்பசியில் எட்டாவதாக ஒருவரும், ஒன்பதாவதாக ஒரு நாயும் வந்தார்கள்.

அதைக் கொண்டுவந்தவர் தேவசகாயம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவர் வீட்டை இடித்தார்கள். இத்தனை வருஷம் அவரோடு பேசிச் சிரித்த தெரு, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. குடிலுக்கு அவர் நடந்து வந்தபோது பின்னாலேயே வந்தது அந்த நாய் ஒன்றுதான். செவலை நிறம். பேரும் செவலைதான்.

குடிலின் குரு வீராயி. முன்பு நகராட்சியில் தெரு கூட்டியவர். முன்பு குருவாக இருந்த பெரியவர் கண்மூடும்போது தன் இடத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிலருக்கு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஞானம் வேண்டும் என்று வீட்டைவிட்டு வந்தவர்களும், அது யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் இருப்பதில்லை.

அவர்களில் மூத்தவர் சபாரத்தினம். ஓய்வு பெற்ற சார்பதிவாளர். குருவைவிடப் பதினெட்டு வயது பெரியவர். வீராயியை "அம்மா" என்பார். வீராயி அவரை "சார்" என்பார். நகராட்சிக் காலத்துப் பழக்கம்.

புதன்கிழமை காலை, மழைக்கு நடுவே, சபாரத்தினம் வந்து நின்றார்.

"அம்மா, கூடத்துல உட்கார முடியல. ஒரே நாய் வாடை."

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க சார்?"

"தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வச்சேன். மூணு வேளை சாம்பிராணி. எலுமிச்சம்பழம் தேச்சாச்சு. கற்பூரம் ஏத்தியாச்சு. வாடை கூடுதே தவிரக் குறையல."

"நாய் என்ன சொல்லுது?"

"சொறிஞ்சுக்கிட்டே கிடக்கு. ஞாயித்துக்கிழமை பெரியவர் குருபூஜை. வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள அதை அனுப்பிடணும். நாங்க நாலு பேரு கூடிப் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"நல்லது. நாயைக் கூப்பிட்டீங்களா கூட்டத்துக்கு?"

தூணோரம் நின்றிருந்த தேவசகாயம் சொன்னார்.

"அது போனா நானும் போறேன்மா. சேந்து வந்தோம்."

எங்கே போவீர் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

வீராயி நாயை அருகில் இழுத்து, முடியை விலக்கிப் பார்த்தார்.

"தோலு எரிஞ்சு கிடக்கு. உள்முடி பூரா ஈரம். மழை நாள்ல தினமும் நனைச்சு, துவட்டாம விட்டா யாரா இருந்தாலும் நாறத்தான் செய்யும். இனிமே பதினஞ்சு நாளைக்கு ஒருக்க குளிப்பாட்டினாப் போதும். துண்டால நல்லா அழுத்தித் துவட்டுங்க. படுக்கிற சாக்கை வெந்நீர்ல அலசி அடுப்போரம் காயப் போடுங்க."

"கூடத்துல அடிக்கிற வாடைக்கு?"

"மூணு நாளைக்கு நாயை மாட்டுக் கொட்டகையில கட்டுங்க. கூடத்தைக் கழுவிவிடுங்க. அப்புறம் வந்து சொல்லுங்க."

கட்டினார்கள். தேவசகாயமும் கொட்டகைக்கே படுக்கப் போய்விட்டார்.

கூடத்தைக் கழுவினார்கள். வடக்குச் சுவரோரம் இருந்த பலகையை மட்டும் யாரும் தொடவில்லை. அதன்மேல் பெரியவரின் கம்பளி இருந்தது. அவர் போனதிலிருந்து, ஒன்பது வருஷமாக அதற்குத் தண்ணீர் காட்டியதில்லை. துவைத்தால் அவர் கை பட்ட வாசனை போய்விடும் என்பது குடிலின் நம்பிக்கை. வியாழக்கிழமைதோறும் ஒவ்வொருவராகக் குனிந்து அதில் முகம் வைத்து எடுப்பார்கள். அந்த வியாழக்கிழமையும் முதலில் குனிந்தவர் சபாரத்தினம். "மணக்குது" என்றார். மற்றவர்களும் குனிந்து, மணக்கிறது என்றார்கள்.

சனிக்கிழமை காலை சபாரத்தினம் மறுபடி வீராயியிடம் வந்தார்.

"போகலம்மா. சுவருக்குள்ளயே இறங்கிடுச்சு."

"உங்க தோள்துண்டைக் குடுங்க சார்."

வீராயி அந்தத் துண்டால் அவர் கண்ணைக் கட்டினார். தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்.

"நடங்க. மூக்கு எங்க நிக்கச் சொல்லுதோ அங்க நில்லுங்க."

சபாரத்தினம் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். கூடத்தின் நடுவில் தயங்கினார். திரும்பினார். ஏழெட்டு அடி வைத்ததும் நின்று மூக்கைப் பொத்தினார்.

"இங்கதான். இந்த இடத்துலதான் அது படுத்திருக்கு."

"குனிஞ்சு நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

குனிந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சந்தேகமே இல்லம்மா. நாய்தான். குடலைப் பிடுங்குது."

"துண்டை அவுத்துக்குங்க."

அவிழ்த்தார். முகத்துக்கு ஒரு சாண் கீழே பெரியவரின் கம்பளி. மடிப்புக்குள் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கூரை ஓட்டிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது.

சபாரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"முந்தாநாள்கூட மணக்குதுன்னு சொன்னேனே."

"கேட்டேன்."

"நாய் வாடை எப்படிம்மா இதுல வந்துச்சு?"

"ஆட்டு மயிரு சார். நனைஞ்சு கிடந்தா நனைஞ்ச நாய் மாதிரிதான் அடிக்கும்."

அவர் கம்பளியைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"துவைச்சா பெரியவர் வாசனை போயிடுமேம்மா."

"இருந்தவரைக்கும் மாசாமாசம் அவரே துவைப்பாரு. நீங்க அப்ப வியாழக்கிழமை மட்டும்தான வருவீங்க."

அன்று மதியம் மழை விட்டது. ஒருவர் கூரையில் ஏறி உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு வைத்தார். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் கம்பளியை முக்கி எடுத்தார்கள். மூன்று தண்ணீர் கறுப்பாகவே வந்தது. பிழிவதற்கு ஒரு முனையை தேவசகாயம் பிடித்தார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் மறுமுனையை சபாரத்தினம் பிடித்தார். எத்தனை முறுக்கியும் தண்ணீர் வரவில்லை.

"நான் முறுக்குற பக்கமே நீங்களும் முறுக்குறீங்க சார்," என்றார் தேவசகாயம். "எதிர்ப்பக்கம்."

சபாரத்தினம் மாற்றி முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. இருவர் காலும் நனைந்தது. கொட்டகையிலிருந்து நாய் குரைத்தது.

"அதையும் அவுத்துவிடும்," என்றார் சபாரத்தினம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். குருபூஜைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செவலை கூடத்திலேயே, காய்ந்த சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. சாக்கை அங்கே விரித்தவர் சபாரத்தினம்.

வீராயி கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். சபாரத்தினம் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, அந்த நாத்தம் போயிடுச்சு. ஆனா கிட்டப் போனா லேசா ஒரு நாய் வாடை இன்னும் இருக்கு. அதை எப்படிப் போக்குறது?"

வீராயி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"நான் இங்க வந்த புதுசுல, உக்காந்து எந்திரிச்ச இடத்துலல்லாம் சாம்பிராணி போடுவீங்களே. ஞாபகம் இருக்கா சார்?"

சபாரத்தினம் தரையைப் பார்த்தார்.

"இருக்கும்மா."

"எப்ப நிறுத்துனீங்க?"

"தெரியலையேம்மா."

"இதுவும் அப்படித்தான் சார் போகும்."