அம்மையப்பன் முல்லைக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

கோணமாங்குளத்தில் அம்மையப்பன், ஆவுடையப்பன், குற்றாலிங்கம் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் கை கால் கண் காது எதிலும் குறையில்லை. தலைக்குள்ளே என்ன இருந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அறிவு என்று இருந்ததெல்லாம் மூத்தவனுக்கு வாக்கப்பட்டு வந்த உலகம்மாள் ஒருத்திதான். அவளும் ஏழாம் மாசத்தில் பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பிவிட்டாள்.

வண்டி ஏறும்போது அவள் பார்வையெல்லாம் முற்றத்து முல்லைக்கொடி மேலேயே இருந்தது. தாய்வீட்டுப் பதியன், அவள் கையால் நட்டது. பந்தலில் பாதி ஏறியிருந்ததே தவிர இன்னும் ஒரு பூப் பூக்கவில்லை.

"இந்தாருங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. வெயில் காலத்துல சாயங்காலம் ஒரு குடம் தண்ணி தூரில ஊத்தணும். மெதுவா ஊத்துங்க, இல்லேன்னா மண்ணை அரிச்சிரும். மழைக்காலத்துல ஒரு சொட்டுத் தண்ணி ஆகாது, வேர் அழுகிரும். பனிக்காலத்துல மண்ணைத் தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அது பூக்காம நான் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன், ஆமா!"

அம்மையப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பெண்டாட்டி என்றால் அவனுக்கு உயிர். முட்டாளுக்குப் பாசம் இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே. கொடி பூக்காவிட்டால் உலகம்மாள் திரும்பி வர மாட்டாள் என்பது ஒன்றுதான் அவன் மண்டையில் ஒழுங்காக ஏறியது.

அன்று சாயங்காலமே குற்றாலிங்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடிமாடு மாதிரி நாலு ஆள் வேலை செய்வான், எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டான்.

"நில்லுல," என்றான் ஆவுடையப்பன். இவன் நியாயம் பேசுகிறவன். வாயைத் திறந்தால் ஊர் ஓடி ஒளியும். "மதினி மெதுவா ஊத்தச் சொன்னாவ. எவ்வளவு மெதுவான்னு சொன்னாவளா?"

"சொல்லலையே!"

"அப்ப நம்மால ஆன மட்டும் மெதுவா ஊத்தணும். அதுக்கு மேல அவுக நம்மளக் குறை சொல்ல முடியாது."

பிள்ளைக்குப் பால் புகட்ட வாங்கி வைத்திருந்த பாலாடையை எடுத்து வந்தார்கள். ஒருவன் மொள்ள, ஒருவன் வாங்க, அம்மையப்பன் மண்ணுக்கு வலிக்காமல் சொட்டுச் சொட்டாக விட்டான். கோடை முழுக்க இதே பாடு. வயலுக்குப் போகவில்லை, களத்துக்குப் போகவில்லை. உலகம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்து, பேர் வைக்கிற அன்றைக்கு அம்மையப்பன் மாமனார் வீட்டுக்கு ஓடினான், போன சூட்டிலேயே திரும்பியும் வந்துவிட்டான்.

"பிள்ளை யாரு சாடைண்ணே?" என்று தம்பிகள் கேட்டார்கள்.

"எங்க பாக்க? தொட்டிலை எட்டிப் பாக்கப் போனேன், வெயில் தாழ்ந்துட்டு. தண்ணி ஊத்துற நேரமாச்சேன்னு வந்துட்டேன்."

நல்ல தகப்பன்! தம்பிகள் இரண்டு பேரும் அண்ணன் பொறுப்பை நினைத்து மெய்சிலிர்த்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. உலகத்தில் வேறெங்கும் மழை வந்தால் செடி வைத்தவன் சந்தோஷப்படுவான். இங்கே அம்மையப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏல, ஒரு சொட்டு ஆகாதுன்னு சொன்னாளே! வானம் இப்படி ஊத்துதே!"

"மதினி சொன்னது வானத்துக்குத் தெரியாதுல்லாண்ணே," என்றான் ஆவுடையப்பன். "தெரிஞ்ச நாமதான் தடுக்கணும்."

எதை வைத்துத் தடுப்பது? குற்றாலிங்கம் விறுவிறுவென்று அடுக்களைக் கூரையில் ஏறி, ஓலை முழுவதையும் பிரித்துக் கொண்டுவந்து பந்தலுக்கு மேலே வேய்ந்தான். முல்லை நனையாமல் நின்றது. அடுக்களையில் அடுப்பு முழுகி, அரிசிப்பானை மிதந்தது. மூன்று பேரும் நனைந்த அவலைத் தின்றுகொண்டு, முல்லைத் தூரை நோக்கி ஓடிவருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிறெரிந்தாள். "அட கூறு கெட்ட பயலுகளா! மழைத்தண்ணியைக் குடிக்கத்தானல செடி வச்சிருக்கு?"

"உனக்கென்னக்கா," என்றான் அம்மையப்பன், மூக்கில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "வராமப் போனா என் பெண்டாட்டிதானே வராமப் போவா?"

பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். பேசி என்ன ஆகப்போகிறது? மண்ணுக்கு அடியில் ஊறிவந்த ஈரத்துக்கு யாரும் கூரை போடாததால் கொடி பாட்டுக்குக் குடித்துத் தழைத்தது. அந்த வீட்டில் அப்போது புத்தியோடு இருந்தது அது ஒன்றுதான்.

மார்கழி பிறந்தது. இனி மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அம்மையப்பன் விரலை மண்ணில் வைத்தான். ஈரமாக இருந்தது. எடுக்கப் போனவனை ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துராதீங்கண்ணே! எடுத்த பெறவு காஞ்சிட்டுன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பத் தொட்டுப் பாக்கேன்."

"நடுவுல காஞ்சு போயிருந்தா? அந்த நேரம் பூராவும் கொடி தவிச்சிருக்குமே. மதினி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

நியாயம்தானே! அம்மையப்பன் விரலை எடுக்கவில்லை. பனியில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, வலது கைச் சுட்டுவிரலை மண்ணுக்குள் விட்டபடி தூர் பக்கத்திலேயே குத்தவைத்துவிட்டான். குற்றாலிங்கம் கஞ்சி ஊட்டினான், மூக்கைச் சிந்திவிட்டான். சளி பிடித்து, கால் மரத்து, விரல் ஊறி வெளுத்துப் போனது. ஆனாலும் அம்மையப்பன் கண்ணை மூடினால் உலகம்மாள் பிள்ளையோடு வாசலில் வந்து நிற்பது போலவே இருக்கும். அதில் எல்லா வலியும் மறந்துவிடும்.

தை பிறந்து ஒரு நண்பகலில் அவள் நிசமாகவே வந்து நின்றாள். மார்கழியில் அனுப்பக் கூடாது என்று வைத்திருந்த தாய்வீட்டார், நல்ல நாள் பார்த்து வண்டி ஏற்றிவிட்டிருந்தார்கள். இடுப்பில் கொழுகொழுவென்று பிள்ளை. செத்துப் போயிருக்கும் என்று அவள் நினைத்திருந்த கொடி, பந்தல் கொள்ளாமல் மொட்டு விட்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'நாமதான் இவங்களைச் சின்னதா நினைச்சுட்டோம்' என்று ஒரு கணம் மனசு உருகி, உள்ளே போகக் காலைத் தூக்கினாள்.

"மதினி, காலை எடுங்க!" என்று பாய்ந்து வந்து மறித்தான் ஆவுடையப்பன். "பூக்காம வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதான் மொட்டு விட்டிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மொட்டு பூவா, மதினி?"

"சாயங்காலம் விரிஞ்சிரும். அதுவரைக்கும் பச்சைப் பிள்ளையோட வெயில்ல நிக்கவா? ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மையப்பன் பொலபொலவென்று அழுதான். பெண்டாட்டி எட்டும் தூரத்தில் நிற்கிறாள். அவள் வாக்கோ நடுவில் கிடக்கிறது.

"அண்ணன் தூக்கிட்டுப் போனா?" என்றான் குற்றாலிங்கம்.

"கல்யாணம் ஆன பெறவு அண்ணன் காலு வேற, மதினி காலு வேறயால?" என்று அதட்டினான் ஆவுடையப்பன்.

உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிச்சம்மாள் வீட்டு நிழலுக்குப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்ததும் அம்மையப்பனுக்குப் பொறுக்கவில்லை, மண்ணிலிருந்து விரலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். பிறந்தது முதல் தோன்றாத யோசனை அப்போதுதான் தோன்றியது.

"ஏல, மிதிக்கக் கூடாதது வாசப்படியைத்தான? வாசப்படியே இல்லேன்னா?"

குற்றாலிங்கம் கடப்பாரையை எடுத்துவிட்டான். படிக்கல் மேலே கதவு நிலை நின்றது, நிலையைப் பிடித்துக்கொண்டு சுவர் நின்றது. கல்லை நெம்பியதும் நிலை சாய்ந்தது, நிலை சாய்ந்ததும் முன்சுவர் மொத்தமும் படபடவென்று விழுந்தது. புழுதி அடங்கியபோது வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. படிக்கல்லை மூன்று பேருமாக உருட்டி நடுத்தெருவில் போட்டார்கள்.

சத்தம் கேட்டு உலகம்மாள் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உலகு, இனி வா! மிதிக்க வாசப்படியே இல்லை!" என்று அம்மையப்பன் கையை நீட்டினான்.

அதற்குள் பொழுது சாய்ந்து, முல்லை அத்தனையும் விரிந்து, வாசம் தெருவை நிறைத்துவிட்டது. ஆவுடையப்பன் மோந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான்.

"மோசம் போனோம்ணே! பூத்துட்டு! இனி மதினி வாசப்படியை மிதிச்சுல்லா வரணும்?"

உலகம்மாள் நடுத்தெருவில் கிடந்த படிக்கல் மேலேயே பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டாள். "சாமி, இனி நான் இங்கேயிருந்து ஓர் எட்டு எடுத்து வைக்க மாட்டேன்," என்று தலையில் கை வைத்தாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடி பூத்தாயிற்று. உலகம்மாள் வந்தாயிற்று. வாசப்படியிலேயே உட்கார்ந்தும் ஆயிற்று.

"வந்துட்டா! என் உலகு வீட்டுக்கு வந்துட்டா!" என்று குதித்தான் அம்மையப்பன்.

மீதி வீட்டைப் படிக்கல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து வைப்பதுதான் பாக்கி. குற்றாலிங்கம் உரலைத் தூக்கி வந்தான், பானைகளை அடுக்கினான், அடுப்பு மூட்டினான். அம்மையப்பன் தொட்டில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, உத்தரம் எங்கே என்று ஆகாசத்தைத் தேடினான். அந்த நேரம் பார்த்து வைக்கோல் வண்டி ஒன்று தெருவில் வந்து நின்றது. வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்தினான்.

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றான். "என்னவே, ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்குள்ளயா வண்டியை ஓட்டுவீரு? மாட்டை வெளியே கட்டிட்டு, செருப்பைக் கழத்தி வச்சிட்டு, மரியாதையா நடந்து வாரும்!"