நீலம் போகாத துப்பாக்கி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாவட்ட ஆயுதப்படையின் கிடங்கில் இருந்த குருவின் பெயர் எஸ்தர். தலைமைக் காவலர். வயது முப்பத்து நான்கு. துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதில் அவரை மிஞ்ச அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. சீடர் வேலப்பனுக்கு ஐம்பத்தொன்று. இருபது வருஷம் ஜீப் ஓட்டி, முட்டி தேய்ந்து, போன மாதம்தான் கிடங்குக்கு மாற்றலாகி வந்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நம்மகிட்ட இருக்கிற சால்வென்ட்லயே ரொம்ப வீரியமானது எது?"

எஸ்தர் அலமாரியைப் பார்த்தார். புகைக்கரியைக் கரைக்க ஒரு புட்டி, குண்டு உரசி விட்டுப்போகும் செம்பைக் கரைக்க ஒரு புட்டி, கடைசியாகத் தடவ எண்ணெய்.

"எதைப் போக்கணும்?"

"செம்பை. மலர்க்கொடியோட துப்பாக்கி. மூணு நாளா தேய்க்கிறேன் மேடம், போவேனாங்குது."

செம்பைக் கரைக்கும் அந்தத் திரவம் செம்பு பட்டால் நீலமாகிவிடும். குழலுக்குள் விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தால், துணியில் நீலம் இருக்கிற வரைக்கும் உள்ளே செம்பு இருக்கிறது என்று அர்த்தம். வேலப்பன் அப்படித்தான் கற்றுக்கொண்டிருந்தார். முதல் நாள் இருபது துணி நீலம். மறுநாள் முப்பது. நெடியில் கண் எரிய, சாப்பாட்டைக்கூட மறந்து மனுஷன் தேய்த்தார்.

"தினமும் துடைக்கிறேன் சித்தப்பான்னு சத்தியம் பண்றா. அத்தனையும் புளுகு" என்றபடி, மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

‘காவலர் மலர்க்கொடி தமக்கு ஒதுக்கப்பட்ட துப்பாக்கியைப் பராமரிக்காமல் பாழாக்கிவிட்டார்’ என்று எழுதியிருந்தது. தாள் ஆய்வாளர் மேசைக்குப் போனால், வெள்ளிக்கிழமை மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்பும் அணியில் மலர்க்கொடி இருக்கமாட்டாள். இரண்டு வருஷமாக அவள் காத்துக் கிடந்த போட்டி. வேலப்பனுக்கும் அது தெரியும். எழுதும்போதே கை கூசியது. அவருக்கு அவளையும் பிடிக்கும், துப்பாக்கியையும் பிடிக்கும். இதில் யார் பக்கம் நிற்பது என்று புரியாமல்தான் இரண்டு நாள் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

எஸ்தர் படித்து முடித்தார்.

"பிரஷ்ஷைக் கொண்டாங்க."

நீளக் கம்பியின் நுனியில் இருந்த பித்தளை பிரஷ்ஷைக் கழற்றிக் கொண்டுவந்தார் வேலப்பன்.

"மண்ணெண்ணெயில நல்லாக் கழுவி, துடைச்சுக் குடுங்க."

கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

"துப்பாக்கிய எடுத்துட்டு வரவா மேடம்?"

"அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

எஸ்தர் பிரஷ்ஷின் மேல் செம்புப் புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டார். புதிய வெள்ளைத் துணியால் அதைச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"பொண்ணுக்கு வரன் பாத்தீங்களே, என்னாச்சு?"

"முடிவான மாதிரிதான். பையன் பால் பண்ணையில வேலை. இவளுக்குப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் வீடு வெறிச்சோடிப் போயிருமேன்னு இருக்கு."

"தைரியமா இருங்கண்ணே. வாரா வாரம் வந்து நிப்பா, பாருங்க."

வேலப்பன் சிரித்தார். இன்னும் கொஞ்சநேரம் மாப்பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பப் பிரிங்க."

பிரித்தார். துணி நீலமாக இருந்தது.

வேலப்பன் துணியைப் பார்த்தார். பிரஷ்ஷைப் பார்த்தார். ரேக்கில் நின்ற துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"பித்தளையில செம்பு இருக்குல்ல மேடம்?"

"இருக்கு."

எஸ்தர் ஒரு நைலான் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். வேலப்பன் துப்பாக்கியை எடுத்து, அதே புட்டியிலிருந்து விட்டு, நைலானால் தேய்த்து, பொறுத்திருந்து துணியை இழுத்தார். வெள்ளை. நம்பாமல் இன்னொரு தடவை செய்தார். அதுவும் வெள்ளை.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல பிள்ளைய சந்தேகப்பட்டுட்டேனே மேடம். இதக் கிழிச்சுப் போட்டுடுறேன்."

"கிழிக்காதீங்க. பேரை மட்டும் மாத்திக் குடுங்க."

வேலப்பன் பேனாவை எடுத்து மலர்க்கொடியின் பெயரை அடித்தார். அதற்கு மேலே ‘வே’ என்று எழுதியதுமே எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரு இல்லண்ணே, என் பேரு. அந்தப் புட்டியையும் இந்தப் பிரஷ்ஷையும் சேத்து உங்க கையில குடுத்தது நான்தானே?"