கலங்கல் குளத்து இறால்

ஒரு காட்டில், அதுவும் கடலோர அலையாத்திக் காட்டில், இரண்டு குளங்கள் இருந்தன. ஒன்று இறால் பண்ணைக் குளம். மற்றது வெறும் மழைத்தண்ணீர்க் குளம். நடுவில் சின்னஞ்சிறு கரை.

பண்ணைக் குளத்தில் கருவாலி என்றோர் இறால் இருந்தது. தன் ஓட்டின்மேல் அதற்கு அப்படியொரு பெருமை! "என் ஓடு மாதிரி உறுதி இந்தக் காட்டிலேயே கிடையாது. எல்லாம் என் சாமர்த்தியம்!" என்று மீசையை ஆட்டிக்கொண்டு திரியும்.

அமாவாசை நெருங்கியது. இறால்கள் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும் சமயம் அது. பண்ணைக்காரர் வாளி வாளியாகச் சுண்ணாம்புக் கரைசல் தெளித்தார். தண்ணீர் மோர் போல வெளுத்தது.

"சீச்சீ! எனக்கா இந்தக் கலங்கல் தண்ணீர்?" என்று கருவாலி முகம் சுளித்தது.

கரையில் இருந்த நீர்க்காகத்தின் காதில் அது விழுந்தது. கெட்டி ஓடுகளைக் கொத்திக் கொத்தி அலகு நொந்துபோன பறவை அது.

"அடுத்த குளம் கண்ணாடி போல இருக்கிறதம்மா! ஒரே துள்ளலில் கரையைத் தாண்டிவிடலாம். அங்கே போய் ஓட்டைக் கழற்று" என்றது.

"சாட்சி உண்டா?"

நீர்க்காகம் பறந்துபோய் அந்தக் குளத்து நண்டைக் கவ்வி வந்து கரையில் வைத்தது. "தண்ணீர் தெளிவு என்று மட்டும் சொல். உன்னை விட்டுவிடுகிறேன்" என்று அதன் காதோடு மிரட்டியது.

"தெளிவுதான்" என்றது நண்டு.

கருவாலி அதை உற்றுப் பார்த்தது. அலகு பட்ட இடமெல்லாம் முதுகு குழிந்திருந்தது.

"முதுகு ஏனப்பா இப்படி அமுங்கியிருக்கிறது?"

நண்டுக்கு அழுகை வந்துவிட்டது. "ஓடு கழற்றிப் பத்து நாளாயிற்று அக்கா, இன்னும் இறுகவில்லை. அங்கே உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எதைக் கொண்டு இறுகும்?"

நீர்க்காகம் சீறிப் பாய்ந்தது. நண்டு 'தொப்'பென்று பண்ணைக் குளத்தில் விழுந்து, வெள்ளைக் கலங்கலுக்குள் மறைந்தது.

கருவாலிக்கு வெட்கமாகப் போயிற்று. அடிச்சேற்றில் பதுங்கிப் பழைய ஓட்டைக் கழற்றியது.

சில நாள் கழித்து நீர்க்காகம் அதன்மேல் பாய்ந்தது. 'டக்!' அலகு வலித்து அலறியது. "அடேயப்பா! என்ன ஓடு இது!"

கருவாலி முன்னைவிட நிமிர்ந்து நின்றது.

"எங்கள் குளத்து ஓடு!"

நீதி: உன் உறுதியை எண்ணிப் பெருமைப்படும்போது, அதைத் தந்த இடத்தையும் சேர்த்தே எண்ணிப் பெருமைப்படு.