மூணு தீவு ஒரு நாடான கதை

படுத்துட்டியா வெண்ணி? போர்வையை இழுத்துக்கோ. சித்தி சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டதா நினைச்சு நிறுத்திடுவேன்.

ஒரே ஒரு கடல்ல மூணே மூணு தீவு இருந்துச்சாம். உப்புத்தீவு, நெல்லுத்தீவு, தச்சன்தீவு. எல்லாருமே ரொம்ப தூரத்துல இருந்து கப்பலேறி வந்து குடியேறினவங்க. அந்தத் தூரத்து நாட்டு ராஜாதான் மூணு தீவையும் ஆண்டுக்கிட்டிருந்தாரு. ஆனா ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"ம்."

உப்புத்தீவுக்குத் தலைவி மாடத்தி. கணீர்னு பேசுவா. அதுதான் இருக்கறதுலயே பெரிய தீவு. நெல்லுத்தீவு சின்னது. அதுக்கு நயினான்னு ஒருத்தர், யோசிச்சு யோசிச்சுத்தான் வாயைத் திறப்பார். தச்சன்தீவுக்குத் தொம்மை. படகு கட்டற மனுஷன், மூக்குக்கு மேல கோவம்.

ஒரு தீவுப் படகு இன்னொரு தீவுக்குப் போனா கரையில சுங்கக்காரன் மறிப்பான். சரக்குல பாதியை எடுத்துக்குவான். அதனால யாரும் பக்கத்துத் தீவுக்கே போறதில்லை. எல்லாத்தையும் ராஜாவுக்கே ஏத்தி அனுப்பிடுவாங்க, வேணுங்கறதையும் அவர் கப்பல்லயே வாங்கிக்குவாங்க.

அப்புறம் ஒரு நாள் ராஜாவோட ஆள் வந்தான். "இனிமே உங்க சரக்கு எங்களுக்கு வேண்டாம். சிப்பாய்களையும் கூட்டிட்டுப் போறேன். உங்களை நீங்களே பாத்துக்கோங்க"ன்னான். கப்பல் பூம்ம்னு ஊதிட்டுப் போயே போயிடுச்சு.

"ஏன் சித்தி விட்டுட்டுப் போனாரு?"

அவ்வளவு தூரத்துக்குச் சிப்பாய் வச்சுக் காப்பாத்த அவருக்குக் கட்டுப்படியாகலை, கண்ணு.

அப்போ பாரு, உப்புத்தீவுல உப்பு மலை மாதிரி குமிஞ்சு மழையில சொளசொளன்னு கரையுது, உலையில போட அரிசி இல்லை. நெல்லுத்தீவுல உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சுட்டுப் பிள்ளைங்க முகத்தைச் சுளிக்குதுங்க. தச்சன்தீவுல படகை வாங்க ஆளே இல்லை. கிழங்கைத் தோண்டித் தின்னாங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாடு. சிப்பாய்ங்க போயிட்டாங்கன்னு தெரிஞ்சதும் பீரங்கிக் கப்பலை அனுப்பிடுச்சு. அந்தக் கப்பல்காரங்க முதல்ல, உப்புத்தீவு ஜனம் மீன் காயப்போடற மணல்திட்டுல தங்க கொடியை நட்டாங்க. மாடத்தி மத்த ரெண்டு தீவுக்கும் ஆள் விட்டா. "அது உங்க திட்டு, எங்களுக்கென்ன?"ன்னுட்டாங்க. அப்புறம் நெல்லுத்தீவுப் படகைப் பிடிச்சாங்க. நயினா ஆள் விட்டார். அப்பவும் அதே பதில்தான். அப்புறம் தச்சன்தீவுக் கரையில கட்டி நிறுத்தியிருந்த புதுப் படகுங்களுக்கு நெருப்பு வச்சாங்க, சடசடசடன்னு.

அன்னிக்குத்தான் மூணு பேருக்கும் இது எல்லாருக்கும் வர்ற ஆபத்துன்னு புரிஞ்சுது. பேசலாம்னாங்க. ஆனா யாரும் யார் தீவுக்கும் போக மாட்டாங்களாம்! சரின்னு நடுக்கடல்ல ஒரு படகை நிறுத்தி உட்கார்ந்தாங்க.

மாடத்தி சொன்னா, "மூணும் ஒரே நாடாயிடலாம். சுங்கத்தை எடுத்துடலாம். காவல் பொதுவா வச்சுக்கலாம்."

"யார் தலைவர்? நீயா?"ன்னு தொம்மை எகிறினார்.

நயினா மெதுவாச் சொன்னார், "நாங்க கொஞ்சம் பேர்மா. நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு எதிரா கைதூக்கினா எங்க வயல் எங்களுக்கு இல்லை. அந்நியன் விழுங்கினா என்ன, நீங்க விழுங்கினா என்ன?"

மாடத்தி பதில் சொல்ல வாயைத் திறந்தா.

அப்போ, டும்! டும்!

பீரங்கிக் கப்பல்! நேரா நெல்லுத்தீவைப் பார்த்துப் போகுது. தொம்மை சட்டுனு எழுந்தார். "என்கிட்ட மிச்சமிருக்கிற படகு எல்லாம் வரும். துடுப்பு போட ஆள்தான் பத்தாது"ன்னார். "நான் தரேன்!"னு மாடத்தி கத்தினா.

மூணு பேரும் அவங்கவங்க கரைக்கு விரைஞ்சாங்க. சலக் சலக் சலக்னு மூணு தீவுப் படகும் மூணு பக்கத்துல இருந்து கிளம்புச்சு. மாடத்தி முன் படகுல நின்னா. கடைசி வரைக்கும் உட்காரவே இல்லை. கப்பல்காரன் இந்தப் பக்கம் பார்த்தா படகு, அந்தப் பக்கம் பார்த்தா படகு. ஒரு தீவைப் பிடிக்க வந்தவன் மூணு தீவுகிட்ட மாட்டினா என்ன செய்வான்? டபக்குனு கப்பல் பாயைத் திருப்பி வந்த வழியே போயிட்டான்!

"ம்ம்..."

கப்பல் கண்ணுக்கு மறைஞ்சதும் மாடத்தி படகுலயே உட்கார்ந்து ஓன்னு அழுதா. தொம்மை சிரிக்கிறார், அழறார், ரெண்டும்.

அப்புறம் தொம்மை கேட்டார், "போயிட்டான்ல? இனி எதுக்கு ஒரே நாடு?"

"திரும்பி வருவான் அண்ணே. அப்பவும் நடுக்கடல்ல உட்கார்ந்து சண்டை போட நேரம் இருக்குமா?"ன்னா மாடத்தி. நயினா பக்கம் திரும்பினா. "அண்ணே, பெரிசு சிறுசு பார்க்காம சபையில தீவுக்கு ஏழு பேர். ஒரு தீவு மொத்தமா மாட்டேன்னா அந்தக் காரியம் நடக்காது. எங்க ஜனம் என்னை ஏசும். ஏசட்டும்."

நயினா அவளையே பார்த்தார். "நான் போய் எங்க ஜனத்தைக் கேட்கிறேன்"னார்.

மூணு கரையிலயும் ஜனத்தைக் கூட்டிக் கேட்டாங்க. உப்புத்தீவுல மாடத்தியைத் திட்டிக்கிட்டேதான் கை தூக்கினாங்க. தச்சன்தீவுல உடனே தூக்கிட்டாங்க. நெல்லுத்தீவுல முதல்ல யாரும் தூக்கலை. அப்புறம் ஒரு கை. பின்னாடி இன்னொண்ணு. அப்புறம் கரை முழுக்கக் கை!

மறுநாள் நல்லா விடிஞ்சு, வெயில் சுள்ளுனு ஏறியும் மாடத்தி எழுந்திருக்கலை. தொம்மையும் நயினாவும் வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுறாங்க. "புது நாட்டுக்கு என்ன பேர் வைக்கறது? நீயே சொல்லு!"

மாடத்தி ஒரு கண்ணைத் திறந்தா. "இத்தனை மாசமா பயத்துல நான் கண்ணை மூடலை. பேர் எங்க ஓடிடப் போகுது? தூங்க விடுங்க"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

வெண்ணி? அடியே... "ம்" காணோமே.

சரிடா கண்ணு. கதை கரையேறிடுச்சு. நீ தூங்கு.